நடவு வயலில் இழுத்த டேப்

சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பயிற்சியில் கொசுப்புழுவைக் காட்டியிருப்பார்கள், தண்ணீர்த் தொட்டியில் குளோரின் கலக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், ஓட்டல் சமையலறையில் எங்கே எட்டிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் உங்கள் கையில் ஒரு டேப்பைக் கொடுப்பார்கள். அந்த டேப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை எதுவும் விற்கக் கூடாது. சட்டம் இவ்வளவுதான். படிக்கும்போது இதைவிட எளிய சட்டம் உலகத்தில் இல்லை என்று தோன்றும். எங்கிருந்து, எந்த வழியாக நூறு கெஜம் என்று யாராவது கேட்கும்போதுதான் நமக்கு வியர்க்கும். எனக்கு முன்னால் என் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது ஒரே ஒரு யோசனை சொன்னார்.

“எப்பவும் ரோட்டு வழியாவே அளங்க சார். சேறு ஒட்டாது.”

ஷூவில் ஒட்டும் சேற்றைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில். பெயர் வேண்டாம். நான் சொல்வது அந்த ஒரு ஊரில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் அரசு உயர்நிலைப் பள்ளி. பள்ளியின் முன்பக்கம் கீழத்தெருவுக்குப் போகும் சாலை. பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால், அதைத் தாண்டி ஒரு வயல், வயல் முடிகிற இடத்தில் கடைத்தெருவின் முதுகு. பின்பக்கச் சுவரிலிருந்து பார்த்தால் கடைத்தெருவில் யார் டீ ஆற்றுகிறார்கள் என்று தெரியும். ஆனால் சாலை வழியாகப் போனால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இரண்டு மடங்கு தூரம்.

கடைத்தெருவில் பெரிய கடை பிரசிடெண்ட்டின் தம்பியுடையது. மளிகை, டீ, குளிர்பானம் எல்லாம் உண்டு. பிரசிடெண்ட் என்றால் ஊராட்சித் தலைவர். பெண்களுக்கு ஒதுக்கிய ஊர் என்பதால் பதவியில் இருந்தது அவருடைய மனைவி. கையெழுத்துப் போடுவது அந்த அம்மாள், பிரசிடெண்ட் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது இவர். இந்த ஏற்பாடு உங்கள் ஊரிலும் இருக்கும்.

பள்ளியின் முன்பக்கம், கீழத்தெருவின் முதல் வீட்டு வாசலில் கலாவின் பெட்டிக்கடை. கணவர் இல்லை. காலேஜில் படிக்கிற ஒரு மகள். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் விடிந்ததும் அந்தக் கடையில்தான் கூடுவார்கள். வெற்றிலை, சீவல், ஒரு துண்டு புகையிலை வாங்கி மடியில் முடிந்துகொள்வார்கள். அப்படியே அரைச் சோப்பு, டீத்தூள், பிள்ளைக்கு ரொட்டி. யார் வயலுக்கு எத்தனை ஆள் என்று பேசி முடிப்பதும் அங்கேதான்.

ஒரு நாள் தலைமை ஆசிரியை போன் செய்து வரச் சொன்னார். அந்த அம்மையாருக்கு என் வயதுதான் இருக்கும், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். மேஜையில் ஒரு பேனா மாதிரி சாமான் கிடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையனிடமிருந்து பிடுங்கியது.

“பென் டிரைவ்னு நெனைச்சேன் சார். மோந்து பாருங்க, மாம்பழ வாசனை அடிக்குது.”

மின்சிகரெட். வெளிநாட்டிலிருந்து வருகிற யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பது, இங்கே ஒரு கடையில் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் இருப்பது. அதை விற்கவே கூடாது, பள்ளிக்குப் பக்கத்திலும் கூடாது, பாலைவனத்திலும் கூடாது. எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்குப் பையன் பெரிய கடையைச் சொல்லியிருக்கிறான். போலீஸைக் கூட்டிக்கொண்டு போனோம். போகும் முன்பே செய்தி போய்விட்டது. கடையில் தரையைக் கழுவிவிட்டு, ஊதுபத்தி கொளுத்தி, எங்களுக்கு டீ போட்டு வைத்திருந்தார்கள். மாம்பழ வாசனை மட்டும் இல்லை.

வெறுங்கையோடு திரும்பினால் மேலே பதில் சொல்ல வேண்டும். பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்தைச் சோதித்து நடவடிக்கை எடுங்கள் என்று உத்தரவு வந்தது. எங்கள் வேலையின் லட்சணத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். மின்சிகரெட் விற்றவன் கிடைக்கவில்லை, அதனால் வெற்றிலைக்கடைக்குப் போனோம்.

கலாவின் கடையை அளக்க டேப்பே தேவையில்லை, பள்ளி மணி அடித்தால் அவள் கடைப் பாட்டில்கள் அதிரும். ஆனாலும் அளந்தேன். புகையிலையை எடுத்துவிடச் சொன்னேன். கடையை மூட வேண்டாம், வேறு எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று, பெரிய சலுகை கொடுக்கிற தோரணையில் விளக்கினேன்.

“பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு நான் குடுத்ததே இல்ல சார். கேட்டு வந்தா காதத் திருவி அனுப்புவேன். நீங்க டீச்சரையே கேளுங்க.”

“எனக்குத் தெரியுதும்மா. ஆனா யாருக்கு வித்தாலும் இந்த எல்லைக்குள்ள கூடாது.”

“அப்ப எங்க வெச்சு விக்கிறது? அந்தப் பக்கம் எங்க தெரு முடிஞ்சா ஆத்தங்கர. இந்தப் பக்கம் நூறு கெஜம் தாண்டுனா மேலத்தெரு. அங்க யாரு சார் எனக்குக் கடை போட எடம் குடுப்பாங்க?”

எனக்கும் அந்த ஊர் தெரியும்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. புகையிலைப் பொட்டலங்களை ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டே ஒன்று கேட்டாள்.

“நான் எடுத்துர்றேன் சார். எனக்கு அளந்த மாதிரி பெரிய கடைக்கும் அளங்க. அங்க வித்து, இங்க விக்கலைன்னா, பொம்பளைங்க பொகையிலைக்கு அங்க போவாங்க. பொகையிலைக்குப் போறவங்க சோப்பையும் அங்கயே வாங்கிருவாங்க. என் கடை செத்துப்போவும். ரெண்டு எடத்துலயும் இல்லைன்னா நான் எப்படியாச்சும் பொழைச்சுக்குவேன்.”

இதைவிட நியாயமான ஒரு கோரிக்கையை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. விதிவிலக்கு வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஒரே டேப்பால் அளக்கச் சொன்னாள்.

பெரிய கடை எல்லைக்கு வெளியே என்றுதான் அதுவரை வந்தவர்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். பள்ளி வாசலில் தொடங்கி, சாலையோடு போய், பாலத்தைச் சுற்றி அளந்த அளவு. விதி அப்படிச் சொல்லவில்லை. பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். நேர்கோடு என்றால் வாய்க்காலைத் தாண்டி, வயலுக்குள் இறங்க வேண்டும். வயல் பிரசிடெண்ட்டுடையது. குறுவை நடவு அன்றுதான் முடிந்துகொண்டிருந்தது.

நடவு முடிந்த வயலில் யாரும் கால் வைப்பதில்லை. பயிர் வேர் பிடிக்கும்வரை நாயைக்கூட விரட்டுவார்கள். முன்னால் வந்தவர்கள் சாலை வழியாகப் போனதற்கு இதுவும் ஒரு சாக்கு. நான் ஷூவைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றபோது பிரசிடெண்ட்டின் தம்பி கடையின் பின்வாசலிலிருந்து ஓடி வந்தார்.

“சாமி கும்பிட்டு நட்ட வயலு சார். ஆபீசர்ங்க நீங்களே இப்படி எறங்கி மிதிக்கலாமா?”

கேள்வியில் பாதி நியாயம் இருந்தது. நான் தயங்கி நின்றேன். அப்போது வரப்பில் சேற்றுக்காலோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நடவுப் பெண்களில் வயதான ஒருத்தி எழுந்து வந்து கையை நீட்டினாள்.

“டேப்பக் குடுங்க சார். நாங்க நட்டது. எங்க கால் வெக்கலாம்னு எங்களுக்குத் தெரியும்.”

நாலு பெண்கள் டேப்பைத் தண்ணீரில் படாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, வரிசைக்கு நடுவே கால் வைத்து நடந்தார்கள். ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. அன்றைக்குக் கூலி கொடுக்க வேண்டிய ஆளின் வயலில், அந்த ஆளின் தம்பி பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஆளுக்கு எதிராகவே டேப்பைப் பிடித்தார்கள். பெரிய கடை எல்லைக்குள்தான் இருந்தது. விளிம்பில்தான், ஆனால் உள்ளே.

மாலையில் பிரசிடெண்ட் என்னைத் தேடி வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவரோ கைகட்டிக்கொண்டு நின்று பாடம் கேட்டார்.

“எங்கேருந்து அளக்கணும்னு சட்டம் சொல்லுதுங்க சார்? கேட்டுலேருந்து இல்லையா?”

“இல்லைங்க. வெளிச்சுவர்லேருந்து.”

“சுவர் எங்க இருக்கோ, அங்கேருந்து.”

“ஆமாங்க.”

“சரிங்க சார். சட்டம்னா சட்டந்தான். தம்பிகிட்ட சொல்லிர்றேன்.”

சொன்னபடி மறுநாளே பெரிய கடையில் சிகரெட் அலமாரி காலியானது. ஊரில் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் போயிற்று, இல்லை என்று சொல்ல மாட்டேன். சட்டத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் யாரும் கேட்பார்கள் என்று சக ஊழியர்களிடம் பேசித் திரிந்தேன்.

கலா பிழைத்துக்கொண்டாள். காலையில் இட்லி ஊற்ற ஆரம்பித்தாள். புகையிலை வேண்டிய பெண்கள் சந்தைக்குப் போகும்போது வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெற்றிலையும் சீவலும் இவளிடமே. வயதான ஒன்றிரண்டு பேர் புகையிலையை விட்டே விட்டார்கள். அந்தச் சட்டம் எதற்காக எழுதப்பட்டதோ அது அந்தச் சில மாதங்கள் அந்த ஊரில் நடந்தது. நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். சட்டத்தில் கோளாறு ஒன்றும் இல்லை.

தை அறுவடை முடிந்து உளுந்து தெளித்திருந்த சமயம், அந்த ஊரில் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனேன். பள்ளியின் பின்பக்கச் சுவரைக் காணோம். அடித்தளம் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. அதற்கு உள்ளே, பிள்ளைகள் கோ-கோ ஆடுகிற திடலின் குறுக்கே, புதிதாக ஒரு சுவர் எழும்பியிருந்தது. பழைய சுவர் வாய்க்கால் பக்கம் சாய்கிறது, உள்ளே தள்ளிக் கட்டினால்தான் நிற்கும் என்று ஊராட்சியில் தீர்மானம் போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவாம்.

கடை நகர முடியாதென்றால் பள்ளிக்கூடத்தை நகர்த்திவிடலாம் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியிருக்காது. அதற்கு வேறு மாதிரி மூளை வேண்டும்.

தலைமை ஆசிரியையிடம் போனேன். கோபமாகத்தான் போனேன்.

“எப்படி டீச்சர் சம்மதிச்சீங்க? புகார் குடுத்ததே நீங்கதானே?”

அவர் என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். புதுச் சுவரின் ஓரமாக வரிசையாகப் பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறைகள். தண்ணீர்த் தொட்டி, தாழ்ப்பாள் உள்ள கதவுகள், எல்லாம் புதிது.

“வந்ததுலேருந்து எழுதிப் போட்டுக்கிட்டிருந்தேன் சார். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. சுவரு வேலைக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுங்க, அதோட இதையும் கட்டித் தர்றேன்னாரு பிரசிடெண்ட். காலையில வந்ததுலேருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க சார், தண்ணி குடிக்கவே பயந்துக்கிட்டு. நான் எதைப் பாக்குறது?”

நானும் ஒரு சுகாதார ஆய்வாளர். அந்தக் கழிப்பறைகள் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? கோபத்தை அப்படியே மென்று விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இன்றைக்கும் எனக்கு அந்த அம்மையார் மேல் கோபம் இல்லை. நியாயமாகக் கிடைக்க வேண்டியதை, ஒரு சிகரெட் அலமாரிக்கு விலையாகத்தான் தருவேன் என்று வைத்திருந்தானே ஒருத்தன், அவன் மேல்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அடுத்த வாரம் பெரிய கடையிலிருந்து முறைப்படி மனு வந்தது. மறுபடி அளந்து சொல்லச் சொல்லி. சட்டத்தை ஏமாற்றத்தான் சுவரை நகர்த்தியிருக்கிறார்கள் என்று மேலதிகாரிக்கு எழுதினேன். அவர் கெட்டவர் இல்லை, போனிலேயே முடித்துவிட்டார்.

“சுவர் கட்டுறது ஊராட்சி வேலைங்க. நம்ம வேலை அளக்குறது. அளவு என்ன வருதுன்னு மட்டும் எழுதுங்க.”

போய் அளந்தேன். இந்தத் தடவை வயலில் தண்ணீர் இல்லை. உளுந்துச் செடி கணுக்கால் உயரம், ஷூவோடே நடக்கலாம். டேப்பின் மறுமுனையைப் பிரசிடெண்ட்டின் தம்பியே சிரித்த முகமாகப் பிடித்துக்கொண்டார். நடவுப் பெண்கள் யாரும் அங்கே இல்லை. அந்த வருஷம் சம்பா நடவுக்கே பிரசிடெண்ட் வடமாநில ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். டேப்பைப் பிடித்த பெண்களைக் கூப்பிடவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லாமலே புரிந்திருந்தது.

திருப்பித் திருப்பி அளந்து பார்த்தேன். எங்கேயாவது ஒரு சாண் குறையாதா என்று இருந்தது. குறையவில்லை. கடை எல்லைக்கு வெளியே. எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, யாரும் எந்தக் கோர்ட்டிலும் என்னைக் குறை சொல்ல முடியாது.

திரும்பும்போது கலா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. இட்லிப் பானையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் வண்டியை நிறுத்தினேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாகவும் இருந்திருக்கும். அவள் நிதானமாக, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எங்கே போவது என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

“சார், இந்தப் பக்கத்துச் சுவத்தையும் கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டச் சொல்றீங்களா?”

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அந்தப் பக்கம் ஒருவருக்குச் செய்தார்கள் என்றால் இந்தப் பக்கம் ஒருத்திக்கும் செய்வார்கள் அல்லவா, எந்த ஆபீசில் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னால் மனுஷனாக அங்கே நிற்க முடியவில்லை. பார்க்கிறேன் என்றோ என்னவோ முனகிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பெரிய கடையில் மறுநாளே அலமாரி நிறைந்தது. கீழத்தெருப் பெண்கள் புகையிலைக்கு அங்கே போகத் தொடங்கினார்கள். கல்லாவில் இருப்பவர் பொட்டலத்தைக் கையில் கொடுப்பதில்லை, பலகையின் ஓரத்தில் வைப்பார், எடுத்துக்கொள்ள வேண்டும். காசையும் அங்கேயே வைக்க வேண்டும். புகையிலையோடு சோப்பும் டீத்தூளும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள், அவள் சொன்னது அப்படியே நடந்தது. வைகாசிக்குள் கலாவின் கடை மூடிவிட்டது. மகளின் படிப்பும் அந்த வருஷத்தோடு நின்றது.

நான் ஓய்வுபெறும் முன்பு அந்தப் பள்ளிக்குப் புகையிலை இல்லாத பள்ளி என்று பாராட்டு கிடைத்தது. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்ததால் கிடைத்தே ஆக வேண்டும். புதுச் சுவரில் எச்சரிக்கை வாசகம் எழுதி, அதன் முன்னால் பிரசிடெண்ட் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். திடலில் இடம் இல்லாததால் பிள்ளைகள் சாலையில் நின்று கைதட்டினார்கள். அந்தப் போட்டோவை என் மனைவி சட்டம் போட்டு மாட்டினாள், நான் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். பையன் வாய்விட்டுச் சொல்லியும், மாம்பழ வாசனைப் பேனா எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு எல்லை கிடையாது என்பதால் அளக்கவும் யாரையும் அனுப்பவில்லை.

உங்களிடம் நேர்கோட்டில் அளக்க வேண்டாம், சாலை வழியாகவே போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேர்கோட்டிலேயே அளங்கள். ஆனால் அளந்துவிட்ட திருப்தியில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். நீங்கள் டேப்பைச் சுருட்டிய பிறகுதான் சிலர் வேலையைத் தொடங்குவார்கள். யார் உங்களுக்காக டேப்பைப் பிடித்தார்களோ, அவர்கள் அடுத்த நடவில் இருக்கிறார்களா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

சுவரைப் பற்றிக் கலா கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. உங்களில் யாருக்காவது என்றைக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். விடிகாலையில் மன்னார்குடிச் சாலையில் நடவுப் பெண்களை ஏற்றிக்கொண்டு வெளியூருக்குப் போகிற லோடு ஆட்டோக்கள் வரும். அதில் ஒன்றில் அவள் இருப்பாள், பக்கத்தில் மகளும் இருப்பாள். நிறுத்தி அவளிடம் சொல்லுங்கள்.